மண்சுவரும் பீரங்கிக் குண்டும்

குற்றாலம் பேரருவியில் குளித்திருக்கிறீர்களா? அவ்வளவு உயரத்திலிருந்து விழும் நீர் நம் தலையை ஏன் பிளப்பதில்லை? நீர் நேரே தரைக்கு வருவதில்லை. நடுவழியில் பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த பாறைக்குழியில் விழுந்து, சுழன்று, வேகத்தின் பெரும்பகுதியை அங்கேயே இழந்த பிறகுதான் வழிந்து இறங்குகிறது.

பாளையக்காரர்களின் மண்கோட்டைகளிலும் இதே தத்துவத்தைக் காணலாம். 1707-ல் ஔரங்கசீப் இறந்தபின் மொகலாயப் பேரரசு சிதையத் தொடங்கியது. அதன் பெயரால் ஆர்க்காட்டு நவாப் கேட்ட கப்பத்தை, தென்காசிக்கு வடக்கே நெற்கட்டுஞ்செவலில் ஆண்ட பூலித்தேவர் தர மறுத்தார். 1755-ல் நவாபுக்காக வந்த கும்பினித் தளபதி ஹெரான், கோட்டையைத் தகர்க்கப் போதிய பெரிய பீரங்கிகள் இன்றித் திரும்பினார்.

8 கிலோகிராம் இரும்புக் குண்டு வினாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் மோதுவதாகக் கொள்வோம். இயக்க ஆற்றல் 3,60,000 ஜூல். இது முழுதும் தீர்ந்தால்தான் குண்டு நிற்கும். கருங்கல் அதை 10 சென்டிமீட்டரில் நிறுத்தினால், சராசரி விசை 36 லட்சம் நியூட்டன்! விரிசல் ஓடிக் கல் பிளக்கும். மண்சுவரோ குண்டை ஒரு மீட்டர் உள்ளே விட்டு நிறுத்துகிறது என்றால், விசை பத்தில் ஒரு பங்குதான். துகள்கள் உராய்ந்து ஆற்றலை வெப்பமாக்கிவிடுகின்றன. சேதம் பெரும்பாலும் துளையோடு நின்றுவிடும். இரவோடிரவாக ஈரமண்ணால் அடைத்தும் விடலாம்.

அதற்காக மண்சுவர் தகராது என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் அடித்தால் அதுவும் சரியும். 1761-ல் யூசுப்கான் நெற்கட்டுஞ்செவலைப் பிடித்தார். 1801 மார்ச் 31-ல் தாக்குதலைத் தாங்கி நின்ற பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டை, கூடுதல் படையும் பீரங்கிகளும் வந்தபின் மே 24-ல் வீழ்ந்தது.