புரையும் பூச்சும்

வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் செய்துபார் என்றனர் நம் முன்னோர். கட்டிய வீட்டைத் திருத்திப்பார் என மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க அவர்கள் மறந்தனர் போலும். அக்குறையை என் அனுபவங்கொண்டு நிரப்ப முயல்கின்றேன்.

எங்கள் வீடு வடமராட்சியிலே கடற்கரைக்கு அண்மையில் உள்ளது. பாட்டனார் காலத்துச் சுவர்கள் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்துங் கொண்டவை. அவை இன்றும் அசையவில்லை. முன்விறாந்தையை மாத்திரம் தந்தையார் பிற்காலத்திலே கொங்கிறீற்று உத்திரம் இட்டுப் பெருப்பித்தார். மாலை வேளைகளில் மாணவர் பதினைவர் அவ்வுத்திரத்தின் கீழிருந்தே இலக்கணம் பயில்வர். சென்ற ஆண்டு அதன் அடிப்புறம் நீளவாட்டில் வெடித்தது. செந்நிறக் கறை கசிந்தது. ஒருநாள் உள்ளங்கையளவான செதிள் ஒன்று கழன்று ஒரு மாணவனுடைய கொப்பியின்மேல் வீழ்ந்தது. அவன் அப்பொழுதுதான் தண்ணீர் குடிக்க எழுந்து சென்றிருந்தான்.

கொந்தராத்துக்காரர் மூவரிடம் விலை கேட்டு, மிகக் குறைந்த தொகை சொன்னவரிடமே வேலையை ஒப்படைத்தேன். எவ்வாறு திருத்துவீர் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வேதத்தை எழுதாக்கிளவி என்பர். எங்கள் உடன்படிக்கையும் அத்தகையதே. "வடிவாய்ச் செய்து தாரும்" என்ற ஒரு வாக்கியமே நான் அவருக்கிட்ட கட்டளை. ஆடி மாதத்திலே, ஐந்து நாளில் வேலை முடிந்தது. உத்திரம் வெள்ளைவெளேரென்று விளங்கிற்று. வந்தோர் புகழ்ந்தனர். பணத்தை முழுமையாகக் கொடுத்தேன்.

கார்த்திகை மாரி வந்தது. பழைய வெடிப்பும் பழைய இடத்திலேயே வந்தது. என் மருமகன் முறையான பொறியியலாளர் ஒருவர் சிறு சுத்தியலால் உத்திரத்தை நெடுகத் தட்டிச் சென்றார். ஓரிடத்திலே கல்லின் ஒலி. அடுத்த முழத்திலே வெறும் பானையின் ஒலி. "மாமா, உள்ளே புரை" என்றார். கொத்திப் பார்த்தோம். துருவேறிய கம்பி துருவோடே கிடந்தது. பள்ளத்தை நிரப்பியிருந்தவை சீமெந்துப் பையின் கடதாசிகள். அவற்றின்மேல் ஓரங்குலப் பூச்சு, பூச்சின்மேல் வெள்ளை.

அன்று அவர் எனக்கு ஆசிரியரானார். இரும்பு துருவாகுங்கால் முன்னிருந்ததினும் பன்மடங்கு இடம் கேட்கும். அவ்விடத்தைப் பெறும்பொருட்டுச் சூழவுள்ள கொங்கிறீற்றை நெருக்கி வெடிக்கச் செய்யும். சீமெந்தின் காரத்தன்மை கம்பியைக் காப்பது. உப்பு அக்காவலைக் கெடுப்பது. கழுவாத கடல்மணலும் உப்புக்காற்றும் கரையோர வீடுகளுக்குப் பகையாவது இதனாலேதான். எனவே வெடிப்பு நோயன்று, நோயின் குறி. முதலில் முண்டு கொடுத்து உத்திரத்தின் சுமையைத் தாங்கல் வேண்டும். கம்பியின் பின்புறத்தில் விரல் புகுமளவுக்குக் கொத்தி, உலோகம் மின்னும்வரை துருவைத் தேய்த்தெடுத்தல் வேண்டும். மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி சேர்த்தல் வேண்டும். அதன் பின்னரே புதிய கலவை. அதனையும் ஏழு நாளேனும் ஈரம் உலராது காத்தல் வேண்டும்; ஏனெனில் சீமெந்து வெயிலிற் காய்ந்து இறுகுவதன்று, நீரோடு கூடி இறுகுவது. எங்கள் பூச்சோ ஆடிமாதச் சோளகக் காற்றிலே அன்றே உலர்ந்து போயிற்று.

பவணந்தியார் நன்னூற் பாயிரத்திலே நூலுக்குரிய குற்றங்கள் பத்தென வகுத்தார். இலக்கணம் படிப்பிக்கும் பழக்கத்தால் அவற்றை உத்திரத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். சீமெந்து குறைந்தமை குன்றக்கூறல். இளக்கத்துக்காக நீரை மிகவாக வார்த்தமை மிகைபடக்கூறல். கடதாசியால் நிரப்பியமை வெற்றெனத்தொடுத்தல். உத்திரத்தைத் திருத்தச் சொல்லச் சுவருக்கெல்லாம் வெள்ளையடித்தமை மற்றொன்று விரித்தல். முதல்நாள் ஐவர் வந்து கடைசிநாள் ஒரு சிறுவன் மாத்திரம் வந்தமை சென்றுதேய்ந்திறுதல். சுமை தாங்காப் பூச்சு உத்திரத்தோடு ஒட்டி நின்றமை நின்றுபயனின்மை. இவ்வாறு எண்ணி எண்ணிச் சினத்தை வளர்த்துக்கொண்டு கொந்தராத்துக்காரரை அழைப்பித்தேன்.

அவர் வந்தார், கொத்திய இடத்தை அண்ணாந்து பார்த்தார். "பண்டிதர் ஐயா, வடிவாய்ச் செய்து தாரும் என்றுதானே சொன்னீர்கள்? வடிவில் ஏதும் குறையுண்டா? கம்பியைப் பற்றி ஒரு சொல்லும் நீங்கள் சொல்லவில்லையே" என்றார்.

நான் திகைத்தேன். நம் யாழ்ப்பாண வழக்கிலே வடிவாய் என்பது அழகாக என்றும் பொருள்படும். செவ்வையாக என்றும் பொருள்படும். நான் இரண்டாவதைக் கருதினேன். அவர் முதலாவதைக் கொண்டார், அல்லது தமக்கு வசதியானதைக் கொண்டார். பத்துக் குற்றங்களில் மயங்கவைத்தல் என்பதும் ஒன்று. அது அவருடையதன்று, என்னுடையது. மாணவரின் கட்டுரைகளிலே அக்குற்றத்தைக் கண்டால் சிவப்பு மையினாற் கோடிடுபவன் நான்.

ஆயினும் கடதாசிக்கு இச்சமாதானம் பொருந்தாது. "தம்பி, செவ்வையும் வேண்டாம், அழகும் வேண்டாம். இதன்கீழே பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது உமக்குத் தெரியும். கடதாசி வைக்கும்போது அவர்களை நினைத்தீரா?" என்று கேட்டேன். அவர் நிலத்தைப் பார்த்தார். மறுவாரம் பணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தந்தார். முழுவதும் தரவில்லை, நானும் வழக்காடவில்லை. மிகக் குறைந்த விலையைத் தேடிச் சென்றவனுக்கும் அந்தக் கணக்கிலே பங்குண்டன்றோ.

இரண்டாம் முறை மாசியிலே வேறொரு மேசனைக்கொண்டு வேலை தொடங்கியபோது, செய்யவேண்டியவற்றை ஒரு தாளிலே எழுதி இருவரும் கையொப்பமிட்டோம். கம்பியைத் துலக்கியதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டிய பின்னரே கலவை இடவேண்டும் என்பது அதில் ஒரு விதி. பணம் மூன்று பங்கு; இறுதிப் பங்கு மாரி கழிந்தபின். அம்மேசன் இவற்றுக்கெல்லாம் முகஞ்சுளிக்கவில்லை. நல்ல வேலைகாரனுக்குக் கேள்வி பகையன்று என்பதை அவரிடமே கண்டேன். மாணவர்கள் முறைவைத்து ஈரச்சாக்கு நனைத்தனர். 28 நாள் கழித்து முண்டை எடுத்தோம். அதுவரை வகுப்பு முற்றத்து வேம்பின்கீழ் நடந்தது.

முண்டு எடுத்த அன்று சுத்தியலை நானே வாங்கி, உத்திரத்தை ஒரு தலையிலிருந்து மறு தலைவரை தட்டினேன். எங்கும் கல்லின் ஒலி. அதன்பின்னரே பிள்ளைகளை உள்ளே அழைத்தேன். இறுதிப் பங்குப் பணம் இன்னும் என் பெட்டியிலே இருக்கின்றது. கார்த்திகை மாரி வந்து சான்று கூறட்டும்.