இரவல் இருக்கை

2023 செப்டம்பர் 16, சனிக்கிழமை இரவு. ஃபேரர் பார்க்கில் எங்கள் வீவக வீட்டில், ஏ நிலைத் தேர்வுக்கான பயிற்சித் தாள்களை மடியில் பரப்பிவைத்துவிட்டு நான் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குக் கீழே ரயில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தத்தில் பிராமினாட். அங்கே மரினா பே சாலைகளில் ஃபார்முலா 1 தகுதிச் சுற்று நடந்துகொண்டிருந்தது.

தாத்தாவும் பக்கத்தில் இருந்தார். 1973உடன் நின்றுபோன தாம்சன் சாலைப் பந்தயங்களை ஓரத்தில் நின்று பார்த்த தலைமுறை அவர். இன்றைய ஓட்டுநர்களில் அவருக்குத் தெரிந்த பெயர் வெர்ஸ்டாப்பன் ஒன்றுதான். அந்த வெர்ஸ்டாப்பன் அதற்கு முந்தைய பத்துப் பந்தயங்களையும் தொடர்ந்து வென்றிருந்தார். அன்று இரண்டாம் கட்டத்திலேயே வெளியேறினார். அவரைப் பதினொன்றாம் இடத்துக்குத் தள்ளியவர் லியம் லாசன். இடைவெளி, ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஏழு பங்கு.

“யாரும்மா இந்தப் பையன்?” என்றார் தாத்தா.

“இவன் நிரந்தர ஆள் இல்ல தாத்தா. இன்னொருத்தருக்குக் கை உடைஞ்சிருச்சு, அதனால வந்திருக்கான்.”

“அப்ப அந்தக் கை உடைஞ்ச ஆளு இப்ப இதப் பாத்துக்கிட்டு இருப்பான்ல?”

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. ஆனால் அது என்னை விடவும் இல்லை.

கை உடைந்தவர் டேனியல் ரிக்கார்டோ. அதே ஆண்டு ஆகஸ்ட் 25, நெதர்லாந்தின் ஸான்ட்வோர்ட் தடத்தில் இரண்டாவது பயிற்சிச் சுற்று. முன்னால் ஒரு கார் தடுப்பில் மோதி நின்றிருந்தது. அதைத் தவிர்க்க முயன்ற ரிக்கார்டோவும் தடுப்பில் மோதினார். மோதும் நொடியில் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. இடக்கையில் எலும்பு முறிந்தது. ஆல்ஃபாடௌரி குழுவின் மாற்று ஓட்டுநராக அங்கே இருந்த 21 வயது லாசன் மறுநாள் காலை அந்தக் காரில் ஏறினார். அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு பயிற்சிச் சுற்று, அதுவும் மழையில். தகுதிச் சுற்றில் கடைசி இடம். மறுநாள் பந்தயத்தில் 13ஆவது. அடுத்து மோன்ஸாவில் 11ஆவது. மூன்றாவது பந்தயம் நம்மூர்.

நம்மூர்த் தடம் புதியவருக்கு இரங்காது. 2023இல் வளைவுகளைக் குறைத்த பிறகும் 19 வளைவுகள், 62 சுற்றுகள், இரண்டு பக்கமும் சுவர். இரவு என்றாலும் வெயில் நேரத்தின் புழுக்கம் அப்படியே தங்கியிருக்கும். இரவு எட்டு மணிக்குப் பெக் கியோ சந்தையில் உட்கார்ந்து சூடாக ஒரு கிண்ணம் மீ சூப் சாப்பிட்டுப் பாருங்கள், தெரியும். லாசன் அதில் ஒன்பதாவதாக முடித்தார். ஃபார்முலா 1இல் அவருடைய முதல் இரண்டு புள்ளிகள் அவை.

இதைப் படிப்பவர்கள் பலருக்கும் ஒரு சந்தேகம் இருக்கும். ஆளை மாற்றுவது என்ன பெரிய காரியம்? ஒருவர் இறங்கினால் இன்னொருவர் ஏற வேண்டியதுதானே? அப்படி இல்லை. ஓட்டுநரின் இருக்கை அவரவர் உடலுக்கு அச்செடுத்துச் செய்யப்படுகிறது. மிதிகளின் தூரமும் ஸ்டியரிங்கும்கூட அவரவர் அளவுக்கே. வேகமான வளைவுகளில் தலையும் தலைக்கவசமும் சேர்ந்து பல மடங்கு எடையாகிக் கழுத்தை இழுக்கும். அந்தக் கழுத்து உடற்பயிற்சிக் கூடத்தில் முழுதாக உருவாவதில்லை, காரில்தான் உருவாகிறது. மாற்று ஓட்டுநருக்கோ கார் கிடைப்பதில்லை. ஆண்டு முழுவதும் சிமுலேட்டரில் ஓட்டுவார், கூட்டங்களில் குறிப்பெடுப்பார், குழுவோடு ஊர் ஊராகப் பயணம் செய்வார், யாருக்கும் எதுவும் ஆகாவிட்டால் வீடு திரும்புவார்.

விதி ஒன்றும் உண்டு. நடுவர்கள் சம்மதித்தால் தகுதிச் சுற்று தொடங்கும்வரைதான் ஓட்டுநரை மாற்றலாம். அதன் பிறகு முடியாது. நான் மேலே சொன்ன அதே இரவில், முதல் கட்டத்தின் முடிவில், கடைசி வளைவில் லான்ஸ் ஸ்ட்ரோல் பலமாக மோதினார். நல்லவேளை, தானே எழுந்து நடந்தார். ஆனால் மறுநாள் பந்தயத்தில் இறங்கவில்லை. அவருடைய ஆஸ்டன் மார்ட்டின் குழுவுக்கும் மாற்று ஓட்டுநர் உண்டு. இருந்தும் பயனில்லை, நேரம் கடந்துவிட்டது. ஞாயிறு இரவு 19 கார்கள்தான் புறப்பட்டன. ஒரே வாரயிறுதியில், ஒரே தடத்தில், ஒரு மாற்று ஓட்டுநர் பெயர் வாங்குகிறார், இன்னொருவருக்குத் தலைக்கவசம் போடும் வாய்ப்பே இல்லை.

ஒரு வருடம் பின்னால் போவோம். 2022 செப்டம்பர், இத்தாலி. தாய்லாந்துக் கொடியுடன் ஓட்டும் அலெக்ஸ் ஆல்பனுக்குச் சனிக்கிழமை காலை குடல்வால் அழற்சி. வில்லியம்ஸ் குழு நிக் டி வ்ரீஸை அழைத்தது. முந்தைய நாள்தான் அவர் வேறொரு குழுவின் காரில் பயிற்சி ஓட்டம் ஓட்டியிருந்தார். 27 வயது, ஃபார்முலா 2 பட்டமும் ஃபார்முலா ஈ பட்டமும் கையில் இருந்தும் ஃபார்முலா 1இல் ஒரு பந்தயம்கூட ஓட்டாதவர். மறுநாள் ஒன்பதாவதாக முடித்தார். தோள்கள் துவண்டுபோய், காரிலிருந்து இறங்க உதவி தேவைப்பட்டது. அதற்கு முந்தைய இரவு ஆல்பன், அறுவை சிகிச்சைக்குப் பின் மூச்சுத் திணறல் ஏற்பட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சுவாசக் கருவியுடன் படுத்திருந்தார். செய்தித் தலைப்புகளில் டி வ்ரீஸின் சிரிப்புதான் பெரிதாக இருந்தது. மூன்று வாரத்தில் ஆல்பன் திரும்பி வந்தார். எங்கே தெரியுமா? சிங்கப்பூருக்கு. இருப்பதிலேயே உடலை அதிகம் வாட்டும் பந்தயத்துக்கு.

அந்த ஒன்பதாவது இடம் டி வ்ரீஸுக்கு 2023இல் ஆல்ஃபாடௌரியில் நிரந்தர இருக்கை வாங்கித் தந்தது. பத்துப் பந்தயங்களில் அதை இழந்தார். அவருக்குப் பதிலாக வந்தவர்தான் ரிக்கார்டோ. ரிக்கார்டோவுக்குக் கை உடைய, வந்தவர் லாசன். ஒரு குடல்வாலில் தொடங்கிய சங்கிலி இது.

இப்போது என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இதையெல்லாம் நான் ஏன் தேடித் தேடிப் படித்தேன் என்பது உங்களுக்குப் புரியாது.

பல்கலைக்கழகத்தில் என் விடுதியின் மகளிர் காற்பந்துக் குழுவில் நான் இரண்டாவது கோல்காப்பாளர். மற்ற இடங்களில் ஆடுபவர்களை ஆட்டத்தின் நடுவே மாற்றுவார்கள். கோல்காப்பாளரைப் பெரும்பாலும் மாற்ற மாட்டார்கள். முதல் கோல்காப்பாளர் ஒரு மூன்றாமாண்டு அக்கா. எனக்குப் பந்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். நான் ஆட வேண்டுமானால் அவருக்கு ஏதாவது ஆக வேண்டும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் இது தெரியும்.

விடுதிகளுக்கு இடையிலான போட்டிகள் தொடங்க நான்கு நாள் இருந்தபோது, பயிற்சியில் ஒரு பந்து அக்காவின் விரல் நுனியில் பட்டது. எலும்பு முறிவு. அன்றிரவு குழுத் தலைவியிடமிருந்து செய்தி வந்தது: “வெள்ளிக்கிழமை நீதான்.” அப்போது நான் ஃபேரர் பார்க் நிலையத்தின் மின்படியில் மேலே வந்துகொண்டிருந்தேன். முதலில் எனக்கு வந்தது சிரிப்பு. அக்காவின் விரல் நினைவுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். வெளியே வந்து ரேஸ் கோர்ஸ் சாலையில் கொஞ்ச நேரம் சும்மா நடந்தேன். 1933இல் புக்கிட் தீமாவுக்கு இடம் மாறும்வரை குதிரைப் பந்தயம் நடந்த இடம் இது. சாலையின் பெயர் மட்டும் மிச்சம். குதிரைகள் ஓடிய காலத்திலும், ஒருவர் விழுந்தால் அவருடைய குதிரையில் ஏற ஒருவர் காத்திருந்திருப்பார் என்று அன்று தோன்றியது.

வாய்ப்பு வந்தால் எல்லாரும் லாசன் ஆகிவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2009 ஜூலையில் ஹங்கேரியில், முன்னால் போன காரிலிருந்து கழன்ற ஒரு சுருள்வில் ஃபிலிப்பே மாஸாவின் தலைக்கவசத்தில் மோதியது. மண்டையோட்டில் காயம். ஃபெராரி முதலில் மைக்கேல் ஷூமாக்கரை அழைத்தது. மோட்டார்சைக்கிள் விபத்தில் பட்ட கழுத்துக் காயத்தால் அவரால் வர முடியவில்லை. பிறகு பல ஆண்டுகளாக அக்குழுவின் சோதனை ஓட்டுநராக இருந்த லூக்கா பாடோயரை ஏற்றினார்கள். அவர் ஃபார்முலா 1 பந்தயம் ஓட்டிப் பத்தாண்டு ஆகியிருந்தது. அந்த ஆண்டு பருவத்தின் நடுவே சோதனை ஓட்டங்களுக்கும் தடை. இரண்டு பந்தயங்கள், இரண்டு தகுதிச் சுற்றிலும் கடைசி, இரண்டு பந்தயத்திலும் முடித்தவர்களில் கடைசி. உலகமே சிரித்தது. எனக்கு அதைப் படிக்கும்போது சிரிப்பு வரவில்லை. அத்தனை ஆண்டுகள் அந்தக் காரை மற்றவர்களுக்காகச் சீர்படுத்தித் தந்தவர் அவர்.

அவருக்குப் பிறகு அந்த இருக்கைக்கு வந்தவர் ஜியான்கார்லோ ஃபிஸிகெல்லா. சில நாள்களுக்கு முன்புதான் பெல்ஜியத்தில் இந்தியக் குழுவான ஃபோர்ஸ் இந்தியாவுக்கு இரண்டாம் இடம் வாங்கித் தந்து அதன் முதல் புள்ளிகளைப் பெற்றிருந்தார். ஃபெராரியின் சிவப்புக் காரில் ஐந்து பந்தயங்கள் ஓட்டினார். சிங்கப்பூரில் 13ஆவது. ஒரு புள்ளிகூட இல்லை.

நம்மவர் கதையும் உண்டு. அது கொஞ்சம் வேறு மாதிரி. ஃபார்முலா 1இல் ஓட்டிய முதல் இந்தியர், கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன், 2009 ஜூனில் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போனார். கோலஸ் குழுவின் ஆடி கார், மூன்று ஓட்டுநர்கள். பந்தயம் தொடங்கச் சற்று முன்பு பிட் சுவர் அருகே விழுந்ததில் நரேனின் தோள்மூட்டு விலகியது. மருத்துவர்கள் ஓட்ட அனுமதிக்கவில்லை. புதிய ஆளைச் சேர்க்கவும் வழியில்லை. மூன்று பேர் பகிர வேண்டிய பகலையும் இரவையும் ஆன்ட்ரே லோட்டரரும் சார்ல்ஸ் ஸ்வோல்ஸ்மனும் இருவராகவே ஓட்டினார்கள். ஆளுக்குச் சுமார் 12 மணி நேரம். ஏழாவது இடம். லோட்டரருக்கு அதுதான் முதல் லெ மான்ஸ். மறு ஆண்டே ஆடியின் சொந்தக் குழு அவரை எடுத்துக்கொண்டது. பிறகு 2011, 2012, 2014 என மூன்று முறை லெ மான்ஸை வென்றார். நரேனின் தோள் விலகாமல் இருந்திருந்தால்? தெரியாது. லோட்டரர் எப்படியும் மேலே வந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது ஒன்று: வெளியே இருந்து யாரும் வந்து இடத்தை நிரப்பவில்லை. இருந்தவர்களே சுமையைக் கூட்டிக்கொண்டார்கள்.

2025 ஜனவரியில் துபாயில் நடிகர் அஜித்குமாரின் கார் பயிற்சியில் சுழன்று மோதிய காணொளியை நீங்களும் குறைந்தது பத்து முறை பார்த்திருப்பீர்கள். அதன் பிறகு, தன் பெயரைத் தாங்கிய குழுவின் காரை ஓட்டுவதிலிருந்து அவரே விலகினார். மற்ற ஓட்டுநர்கள் 24 மணி நேரத்தையும் பகிர்ந்து ஓட்டி, தங்கள் பிரிவில் மூன்றாவதாக வந்தார்கள். சொந்தக் குழுவில் “நான் இல்லாமல் ஓட்டுங்கள்” என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று அந்த வாரம் யாரும் அதிகம் பேசவில்லை. அவர் கொடியுடன் துள்ளியதைத்தான் பேசினோம். நானும்தான்.

இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதிலும் பல விதம். 2024 மார்ச்சில் கார்லோஸ் சைன்ஸுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை. 18 வயது ஆலிவர் பேர்மன் ஃபெராரியில் ஏறி ஏழாவதாக முடித்தார். நம்மில் பலர் பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ தொடக்கக் கல்லூரியிலோ இருக்கும் வயது. இரண்டே வாரத்தில் சைன்ஸ் திரும்பி வந்து பந்தயத்தையே வென்றார். யாருக்கும் மனக்கசப்பில்லை. லாசனுக்கு அப்படி அமையவில்லை. மரினா பேயில் ஒன்பதாவதாக வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அடுத்த ஆண்டுக்கு ரிக்கார்டோவும் சுனோடாவும்தான் என்று குழு அறிவித்தது. கை ஆறி ரிக்கார்டோ அக்டோபரில் வந்தார். லாசன் மறுபடியும் ஓரத்தில்.

பிறகு 2024 செப்டம்பர் 22. மறுபடியும் சிங்கப்பூர். ரிக்கார்டோவின் இடம் ஆட்டம் காண்கிறது என்று அதற்குள் எல்லாரும் பேசத் தொடங்கியிருந்தார்கள். கடைசிச் சுற்றுகளில் புது டயர் போட்டு, பந்தயத்திலேயே அதிவேகச் சுற்றை ஓட்டிவிட்டு 18ஆவதாக முடித்தார். முடித்ததும் காரிலிருந்து உடனே இறங்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான்கு நாள் கழித்து அறிவிப்பு வந்தது: இனி அந்த இருக்கை லாசனுக்கு. அடுத்த பந்தயத்தில் லாசன் மீண்டும் ஒன்பதாவது. அந்த லாசனையே 2025இல் ரெட் புல் மேலே ஏற்றி, இரண்டே பந்தயத்தில் கீழே இறக்கியது வேறு கதை.

“அந்தக் கை உடைஞ்ச ஆளு” என்று தாத்தா கேட்டாரே, அவர் காருக்குள் உட்கார்ந்திருந்ததை இந்த முறை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை.

என் கதைக்கு வருகிறேன். நான் மூன்று ஆட்டங்கள் ஆடினேன். முதலாவதில் இரண்டு கோல் விட்டேன், ஒன்று என் கால்களுக்கு நடுவே போனது. அடுத்த இரண்டிலும் ஒன்றும் விடவில்லை. கடைசி ஆட்டத்துக்கு முன்பு அக்காவின் விரல் ஓரளவு ஆறிவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு ஆடலாம் என்று அவர் நினைத்தார். அது அவருக்குப் பல்கலைக்கழகத்தில் கடைசிப் பருவம். குழுத் தலைவி எங்கள் இருவரையும் நிற்கவைத்து, “இப்போதைக்கு இவளே தொடரட்டும்” என்றார். நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. “அவர் ஆடட்டும்” என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை.

ஆட்டத்துக்கு இருபது நிமிடம் முன்பு, நான் தனியாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது அக்கா ஒரு பை நிறையப் பந்துகளுடன் வந்தார். கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பந்தாக என் இடப்பக்கம் உதைத்தார். ஏழோ எட்டோ உதைத்திருப்பார்.

“இடது பக்கம் நீ லேட்டா விழுற,” என்றார். “இன்னும் அஞ்சு.”