கணிப்பொறிக்கும் கல்லாச் சாவி உண்டு

கல்லாச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று நம் வணிகர்களுக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பில் போடுபவர் கல்லாவில் அமர்வார். கணக்குப்பிள்ளை பேரேடு எழுதுவார். இரும்புப் பெட்டிச் சாவி முதலாளியிடம் இருக்கும். ஆனால், அதே கணக்கு கணிப்பொறிக்குள் போனதும் இந்த ஒழுங்கை மறந்துவிடுகிறோம். ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். கடையில் உள்ள அனைவரும் அதிலேயே நுழைகிறார்கள். பாக்கிப் பட்டியலில் ஒரு வரி காணாமல் போனால், யாரைக் கேட்பது?

முதல் வேலை, ஆளுக்கொரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுப்பது. அடுத்தது, ஒவ்வொரு கோப்புக்கும் அனுமதி வகுப்பது.

1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய யூனிக்ஸும், 1991-ல் வந்த லினக்ஸும் இதற்கு எளிய கணக்கு வைத்துள்ளன. கோப்பின் உரிமையாளர், குழு, மற்றவர் என மூன்று தரப்பு. படிக்க 4, எழுத 2, இயக்க 1. ஒவ்வொரு தரப்புக்கும் இவற்றைக் கூட்டி ஓர் எண். 640 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம், குழுவினர் படிக்கலாம், மற்றவருக்கு ஒன்றும் கிடையாது.

நம் கடைக்கு இதைப் பொருத்துவோம்.

விற்பனை விலைப்பட்டியல்: 644. எல்லோரும் பார்க்கலாம், உரிமையாளர் மட்டுமே திருத்தலாம்.

பாக்கிப் பேரேடு: 640. கணக்குப்பிள்ளை எழுதுவார், குழுவில் உள்ள முதலாளியும் பில் போடுபவரும் பார்க்கலாம்.

கொள்முதல் விலை, வங்கி விவரம்: 600. முதலாளிக்கு மட்டும்.

கோப்பு திறக்கவில்லை என்றால் சிலர் 777 கொடுத்துவிடுகிறார்கள். பூட்டு சிக்குகிறதென்று கதவையே கழற்றி வைப்பதற்கு ஒப்பானது இது. யாரும் எதையும் செய்யலாம்.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஒன்று, இங்கே உரிமையாளர் என்பவர் கடை முதலாளி அல்லர்; பொதுவாக அந்தக் கோப்பை உருவாக்கியவர். அனுமதியை மாற்றும் உரிமையும் அவருக்கு உண்டு. எனவே, எந்தக் கோப்பை யார் பெயரில் உருவாக்குவது என்று முன்பே தீர்மானியுங்கள். இரண்டு, கோப்பைப் பூட்டினால் மட்டும் போதாது. அது இருக்கும் அடைவில் எழுதவும் நுழையவும் அனுமதி உள்ளவர், படிக்கவே முடியாத கோப்பைக்கூட அழித்துவிடலாம். பூட்டிய பெட்டியைத் திறக்க முடியாதவன் பெட்டியையே தூக்கிக்கொண்டு போவது போல! ஆகவே, பேரேடு உள்ள அடைவுக்கு 750 கொடுங்கள். குழுவினர் நுழைந்து பார்க்கலாம், அழிக்க முடியாது.

விண்டோஸ் வைத்திருப்போர் எண்ணைத் தேட வேண்டாம். கோப்பின் பண்புகளில் பாதுகாப்பு என்ற பகுதியில் ஆள்வாரியாக அனுமதி கொடுக்கலாம்.

'ரூட்' என்னும் தலைமைப் பயனருக்கு இந்தப் பூட்டுகள் எவையும் தடையில்லை. அந்தக் கடவுச்சொல் முதலாளியிடம் இருக்கட்டும். அன்றாட வேலைக்கு அதில் நுழையாதீர்கள். வட்டு பழுதானால் எந்த அனுமதியும் காப்பாற்றாது. நாள்தோறும் ஒரு நகல் எடுத்துத் தனியே வையுங்கள்.

அனுமதியைக் குறைவாகத் தொடங்கி, வேலைக்குத் தேவையான அளவு மட்டும் கூட்டுங்கள். இது பணியாளர் மீதுள்ள சந்தேகம் அன்று. பேரேட்டைத் தொடவே முடியாதவர் மீது, கணக்கு தவறும் நாளில் பழியும் விழாது.