மடிக்கும் சைக்கிள் கமக்காரருக்கு உதவுமா?

இடம்பெயர்ந்து வாழும் கமக்காரக் குடும்பங்கள் பலவற்றுக்கு வீடு ஓரிடத்திலும் தோட்டம் வேறோரிடத்திலும் அமைந்துவிடுகின்றன. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களின் காணிகள், போர் முடிந்த 2009க்குப் பின்னர் கட்டங்கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. காணி கைக்கு வந்தாலும் வீடும் கிணறும் உடனே வந்துவிடுவதில்லை. எமது நிலையும் இதுவே. பஸ்ஸால் இறங்கும் சந்தியிலிருந்து தோட்டத்துக்கு மூன்று கிலோமீற்றர். நடந்து போய்வர ஒன்றரை மணித்தியாலம் செல்கிறது. முச்சக்கர வண்டி பிடித்தால் மரக்கறி விற்ற காசில் ஒரு பங்கு அதற்கே போய்விடும்.

எனவே ஜப்பானில் பாவிக்கப்பட்டு இங்கு வந்த, மடிக்கும் சைக்கிள் ஒன்றை வாங்கினோம். ஒரு மாதம் ஓடியதில் நாம் அறிந்தவற்றை, வாங்க எண்ணியிருக்கும் குடும்பங்களுக்காக இங்கே தருகிறோம்.

புதிய பொருள் அல்ல

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படையினருக்கு மடிக்கும் சைக்கிள்கள் வழங்கப்பட்டன. 1944இல் நோர்மண்டிக் கரையில் இறங்கியோர் சிலர் இவற்றைத் தோளில் சுமந்து சென்றனர். 1970களில் ஹரி பிக்கேட்டன் அலுமினியத்தால் பாரம் குறைந்த ஒன்றைச் செய்தார். அதைக் கண்ட அன்ட்ரூ றிச்சி இலண்டனில் தமது வீட்டிலேயே வேறொன்றை வடிவமைத்தார். தமது அறையின் யன்னலூடாகத் தெரிந்த பிறம்டன் தேவாலயத்தின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

உழக்கிப் பார்த்தபோது

எமது சைக்கிளின் சட்டம் அலுமினியம். நிறை சுமார் 12 கிலோ. பழைய பார் சைக்கிள் 18 முதல் 20 கிலோ வரை இருக்கும். நடுச்சட்டத்தில் ஒரு பிணைச்சலும் ஹாண்டில் தண்டின் அடியில் இன்னொன்றும் உண்டு. சீற்றைக் கீழே இறக்கி, இரண்டு பூட்டுகளையும் திறந்து மடித்தால் ஒரு பெரிய பயணப்பெட்டி அளவாகிவிடும். முதல் நாள் ஐந்து நிமிடம் எடுத்தது. இப்போது ஒரு நிமிடம் போதும்.

சில்லு சிறிதென்பதால் அதிகம் உழக்க வேண்டும் என்றே பலரும் எண்ணுவர். கணக்குப் பார்ப்போம். பார் சைக்கிளின் 28 அங்குலச் சில்லு ஒரு சுற்றில் சுமார் 2.2 மீற்றர் செல்லும். முன்பற்சில்லில் 48, பின்னதில் 18 பற்கள் இருந்தால், பெடலை ஒருமுறை சுற்ற வண்டி ஆறு மீற்றருக்குச் சற்றுக் குறைவாகப் போகும். எமது 20 அங்குலச் சில்லு ஒரு சுற்றில் சுமார் ஒன்றரை மீற்றரே செல்லும். ஆனால் முன்னே 52 பற்கள், பின்னே சிறிய பற்சில்லில் 14. ஆகவே ஒரு சுற்றில் ஐந்தரை மீற்றருக்கு மேல் கிடைக்கிறது. தார் வீதியில் வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை. எதிர்காற்றில் கியரை மாற்றிக்கொண்டால் கால் நோவதில்லை.

குழி விழுந்த ஒழுங்கையில் நிலைமை வேறு. சின்னச் சில்லு ஒவ்வொரு குழியிலும் இறங்கி ஏறும். முதுகு அதை உணரும். மணலில் புதையும். ஹாண்டில் சட்டென்று திரும்புவதால் முதல் சில நாட்கள் ஒரு கையால் ஓடுவது ஆபத்து.

குடும்பத்துக்குள் ஒன்று

நாம் எதிர்பாராத நன்மை ஒன்றும் உண்டு. நடுவே பார் இல்லை. சீற்றையும் ஹாண்டிலையும் உயர்த்தலாம், தாழ்த்தலாம். சேலையுடன் அம்மாவும், பாடசாலைக்கு மகளும், தோட்டத்துக்கு அப்பாவும் ஒரே சைக்கிளை ஓடுகின்றனர். இரவில் கட்டிலின் கீழ் வைத்துவிடலாம். ஒற்றை அறையில் வாழ்வோருக்கும் களவுக்கு அஞ்சுவோருக்கும் இது சிறிய காரியமல்ல. பஸ்ஸில் ஏற்றும்போது பழைய சாக்கொன்றால் மூடினோம்; செயின் எண்ணெய் மற்றவர் உடையில் படவில்லை. நெரிசலான காலை பஸ்ஸில் மட்டும் இடம் கிடைப்பதில்லை. ஆதலால் முதல் பஸ்ஸில் புறப்படுகிறோம்.

சுமை

இங்கேதான் பார் சைக்கிளை மிஞ்ச முடியாது. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்த மக்கள், அரிசி மூட்டையையும் பாத்திரங்களையும் பிள்ளைகளையும் ஏற்றித் தள்ளிச் சென்றது பார் சைக்கிள்களிலேதான். மடிக்கும் சைக்கிளில் 50 கிலோ உரமூட்டையை ஏற்றக் கூடாது, பிணைச்சல் தளர்ந்துவிடும். ஒரு கடகம் கத்தரிக்காய், விதைப் பொட்டலம், சாப்பாட்டுப் பெட்டி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல வேறு வழி தேட வேண்டும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1. சட்டத்தின் பிணைச்சலைப் பூட்டிவிட்டு, முன் பிறேக்கைப் பிடித்தபடி முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பிணைச்சலில் ஆட்டம் இருந்தால் வாங்க வேண்டாம்.

2. பிணைச்சலைச் சுற்றியுள்ள ஒட்டுகளில் வெடிப்பு உண்டா என வெயிலில் வைத்துப் பாருங்கள். அலுமினியத்தை ஊர்ப் பட்டறைகளில் ஒட்டுவது எளிதல்ல.

3. ரயரில் உள்ள எண்ணை வாசியுங்கள். 20 × 1.75 என்றால் சிறுவர் சைக்கிளின் ரயர் பொருந்தும். 20 × 1⅜ என்பது வேறு றிம். ஒன்றுக்கு மற்றது பொருந்தாது.

4. ஓடும் ஒவ்வொரு முறையும் இரண்டு பூட்டுகளும் இறுகியுள்ளனவா எனக் கையால் தொட்டுப் பாருங்கள். ஓடும்போது பூட்டுத் திறந்தால் விழுவது நிச்சயம்.

முடிவாக

2022இல் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது சைக்கிளின் அருமையை நாடே மீண்டும் உணர்ந்தது. வீட்டில் நல்ல பார் சைக்கிள் இருந்து, தோட்டமும் உழக்கிப் போகும் தூரத்தில் இருந்தால் இதற்குக் காசு செலவிடத் தேவையில்லை. பஸ்ஸில் நெடுந்தூரம் போய் மிகுதியை நடப்பவர்களுக்கு இது உதவும். எமக்கு நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் மிச்சமாகிறது. அந்த ஒரு மணித்தியாலத்தில் இரண்டு பாத்தி வெங்காயத்துக்குப் புல்லுப் பிடுங்கி முடிக்கிறோம். தனியே வாங்க வசதியில்லாத இரண்டு அயல் குடும்பங்கள், தோட்ட நாட்களை முறைவைத்துக்கொண்டு, ஒன்றைச் சேர்ந்து வாங்குவதும் நல்ல வழியே.