கியர்பொக்ஸை மாற்றச் சொல்கிறார்களா? முதலில் இவற்றைப் பாருங்கள்

"கியர்பொக்ஸ் போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும்." கராஜில் எவரும் கேட்க விரும்பாத வசனம் இது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடையில் இருந்த கார்களையே ஓட்டித் தேய்த்தோம். இன்றைய விலையில் புதிதாக ஒன்று வாங்குவதும் எல்லோருக்கும் முடிகிற காரியமல்ல. ஆகவே, வயதான கார்களின் கியர்ப் பிரச்சினை பலருடைய வீட்டுப் பிரச்சினையாகிவிட்டது.

திருத்த வேலையில் நான் கண்டது இதுதான்: கியர்பொக்ஸ் கோளாறு என்று கொண்டுவரப்படும் கார்களில் பலவற்றுக்குக் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. எஞ்சினிலிருந்து சில்லு வரை சக்தி போகும் பாதை நீளமானது. அதில் எந்த இடம் என்று கண்டுபிடிப்பது முதல் வேலை. கழற்றுவது அதற்குப் பிறகுதான்.

சத்தம் எப்போது வருகிறது?

காரை நிறுத்தி, கியர் போடாமல் எஞ்சினை முறுக்கிப் பாருங்கள். சத்தம் அப்போதே கூடினால் கோளாறு எஞ்சின் பக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கார் ஓடும் வேகத்துடன் மட்டும் கூடிக் குறைந்தால் சில்லுப் பக்கம் தேடுங்கள்.

ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது "டக் டக்" என்று கேட்டால், முன்சில்லை இயக்கும் தண்டின் வெளிப்புற சி.வி. ஜொயின்ட் தேய்ந்திருக்கலாம். அதை மூடியிருக்கும் றப்பர் பூட் கிழிந்து, சில்லின் உட்புறம் கிறீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். பூட் கிழிந்த உடனேயே மாற்றினால் ஜொயின்ட் தப்பும்.

வேகம் கூடக் கூட "ஊ" என்ற இரைச்சல் கூடி, வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் அது மாறினால் சில்லுப் பெயரிங்கைச் சந்தேகியுங்கள். சமமாகத் தேயாத ரயரும் இதேபோல இரையும். டியிலிருந்து ஆருக்கு மாற்றும்போது "டங்" என்று ஒரு அடி விழுந்தால், எஞ்சினையும் கியர்பொக்ஸையும் தாங்கும் றப்பர் மவுண்டுகளை முதலில் பாருங்கள். இவை எவற்றுக்கும் கியர்பொக்ஸைத் திறக்கத் தேவையில்லை.

கிளச் உள்ள கார்கள்

ஏற்றத்தில் மூன்றாம், நான்காம் கியரில் அக்ஸிலேட்டரை அழுத்தும்போது எஞ்சின் சுழற்சி மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் தட்டு வழுக்குகிறது. கிளச்சை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பெயரிங். மிதித்தால் நின்று, விட்டால் வந்தால் அது கியர்பொக்ஸின் உள்ளே இருக்கும் பெயரிங்.

எல்லாக் கியரும் இறுக்கமாக விழுந்தால் கிளச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள். கேபிளை அல்லது கிளச் ஒயிலைப் பாருங்கள். ஒரேயொரு கியர் மட்டும் கரகரத்து விழுந்தால்தான் கியர்பொக்ஸைத் திறக்கும் பேச்சு.

"ஒட்டோ" என்பது ஒன்றல்ல

நாங்கள் "ஒட்டோ கியர்" என்று ஒரே பெயரில் சொல்வதற்குள் பல இயந்திரங்கள் இருக்கின்றன. ஜப்பானிலிருந்து வந்த வகன் ஆர் கார்களில் பெரும்பாலானவை சி.வி.டி. வகை. இரண்டு கப்பிகளுக்கிடையே உருக்குப் பட்டி ஒன்று ஓடும். வேகம் ஏறும்போதும் எஞ்சின் சத்தம் ஒரே அளவில் நிற்பது அதன் இயல்பு. அதை வழுக்கல் என்று எண்ணிப் பயப்பட வேண்டாம். புறப்படும்போது உதறுவதும், புதிதாக ஒரு கீச்சொலி தொடங்குவதும்தான் கவனிக்க வேண்டியவை.

ரொயோட்டா அக்குவா, பிரியஸ் ஆகியவற்றின் அமைப்பையும் சி.வி.டி. என்றே அழைப்பார்கள். ஆனால் அதில் பட்டி கிடையாது. கோள்முறைப் பற்சக்கரத் தொகுதியும் இரண்டு மின்மோட்டார்களும்தான் இருக்கின்றன. அக்குவாவுக்கு "பெல்ட் வழுக்குகிறது" என்று ஒருவர் சொன்னால், காரை வேறு கராஜுக்குக் கொண்டுபோங்கள்.

சுசுகியின் ஏ.ஜி.எஸ். உண்மையில் கைக்கியர்தான். கிளச்சை உங்கள் காலுக்குப் பதிலாக இயந்திரம் மிதிக்கிறது. கியர் மாறும்போது சிறிது தயங்குவது அதன் இயல்பு. வழுக்கினால் கிளச் காரைப்போலவே பார்க்க வேண்டும்.

வழமையான ஒட்டோ கியர் உள்ள கார் மணிக்கு 50 முதல் 70 கிலோமீற்றர் வேகத்தில் மெல்ல அதிர்ந்தால் ஒரு சோதனை இருக்கிறது. பின்னால் வாகனம் வராத நேர்வீதியில், அக்ஸிலேட்டரை விடாமல் பிரேக்கை மெல்லத் தொடுங்கள். அதிர்வு உடனே நின்றால் டோர்க் கொன்வேட்டரின் பூட்டுக் கிளச் பக்கம் கோளாறு. நிற்காவிட்டால், ஏற்றத்தில் அது கூடினால், பிளக்கையும் இக்னிஷன் கொயிலையும் பாருங்கள். எஞ்சின் தீ விடுவதைக் கியர் உதறல் என்று நினைப்பவர்கள் பலர்.

ஒயிலும் கணினியும்

ஒயில் கருகிய மணத்துடன் கறுத்திருந்தால் உள்ளே தேய்மானம் நடக்கிறது. பால்போலக் கலங்கியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டருக்குள் இருக்கும் ஒயில் குளிரூட்டி கசிந்திருக்கலாம், அல்லது கார் வெள்ளத்தில் நின்றிருக்கலாம். அந்த நிலையில் ஓட்டவே வேண்டாம். சி.வி.டி.க்கு அதற்குரிய ஒயிலை மட்டுமே விட வேண்டும். சாதாரண ஒட்டோ ஒயில் விட்டால் பட்டிக்கு வேண்டிய பிடி கிடைக்காது.

ஸ்கேன் செய்து பி 0700 என்ற குறியீடு வந்தால், அதற்காகக் கியர்பொக்ஸை மாற்றச் சம்மதிக்காதீர்கள். "கியர்க் கணினியில் ஒரு பிழை பதிவாகியிருக்கிறது, அதைப் போய்ப் பார்" என்பதே அதன் பொருள். உண்மையான பிழை எது என்று அடுத்த குறியீடுதான் சொல்லும். குறியீடுகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே அழிக்க விடுங்கள்.

கியர்பொக்ஸை மாற்றச் சொல்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: என்ன குறியீடு வந்தது? ஒயிலைப் பார்த்தீர்களா? எந்தப் பாகம் பழுது? மூன்றுக்கும் நேரான பதில் கிடைத்தால் வேலையை ஒப்படைக்கலாம். கிடைக்காவிட்டால், பல இலட்சம் ரூபாயை எடுத்து வைப்பதற்கு முன் இன்னொருவரிடம் காட்டுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.