ஊருக்கு மட்டுமா உபதேசம்?

மருந்து வேண்டுமானால் மருத்துவம் கற்றவரை நாடுகிறோம். வழக்கு வந்தால் சட்டம் கற்றவரைத் தேடுகிறோம். அப்படியே, அறவுரை வேண்டுமானால் அறவியல் கற்றவரிடம் போகலாம் என்பார்கள். போகலாம், ஆனால் சொல்பவர் சொன்னபடி நடக்கிறாரா என்று அளந்து பார்த்தவர் உண்டா?

உண்டு! அமெரிக்காவில், ரிவர்சைடு நகரிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் தத்துவப் பேராசிரியர் எரிக் ஷ்விட்ஸ்கெபெல், தம் கூட்டத்தாரையே தராசில் நிறுத்தினார். ஜோஷுவா ரஸ்ட் என்பாருடன் சேர்ந்து ஐந்து மாநிலப் பேராசிரியர்களை ஆராய்ந்து, 2014-இல் முடிவை வெளியிட்டார். வாக்களிப்பதிலும், தாயுடன் பேசுவதிலும், குருதிக் கொடையிலும், மாணவர் மின்னஞ்சலுக்கு விடையளிப்பதிலும் அறவியல் பேராசிரியர் மற்றவரைவிட மேலாக நடக்கவில்லை, கீழாகவும் நடக்கவில்லை.

ஒரு சான்று பாரீர். மாடு, பன்றி போன்றவற்றின் இறைச்சியை வழக்கமாக உண்பது தவறு என்றவர்கள் அறவியலாரில் 60 விழுக்காடு; தத்துவத் துறைக்கு வெளியிலோ 19 விழுக்காடுதான். ஆனால் முன்னாள் இரவு உணவில் அதை உண்டீரா என்று கேட்டபோது, அறவியலாரிலும் 37 விழுக்காட்டினர் ‘ஆம்’ என்றனர்! புலால் உண்பது சரியா, தவறா என்பதல்ல இங்கே நம் வழக்கு. நாவில் இருந்த வேற்றுமை தட்டில் எங்கே போயிற்று என்பதே கேள்வி.

அப்படியானால் அறம் பேசுவதே வீண்வேலையா? அவசரப்பட வேண்டாம். அதே பேராசிரியர், பீட்டர் சிங்கர், பிராட்ஃபோர்டு கோக்லெட் ஆகியோருடன் 2020-இல் மற்றோர் ஆய்வை வெளியிட்டார். மாணவரில் ஒரு பாதியினர் புலால் பற்றிய கட்டுரையைப் படித்து விவாதித்தனர். மறுபாதியினர் ஏழைகளுக்கு உதவுவதைப் பற்றி விவாதித்தனர். பின்னர் பல்கலைக் கழக உணவகத்தின் பற்றுச்சீட்டுகளைப் புரட்டினார்கள். முதல் பாதியினர் வாங்கியவற்றில் புலால் உணவு 52 விழுக்காட்டிலிருந்து 45-ஆகக் குறைந்திருந்தது. மறுபாதியினரிடம் மாற்றமில்லை.

அங்கே எவரும் கட்டளையிடவில்லை, சாபமிடவில்லை, நரகத்தைக் காட்டி மிரட்டவில்லை. காரணத்தை முன்வைத்தார்கள்; இளைஞர்கள் தாமே எண்ணிப் பார்த்தார்கள். பட்டமும் பீடமும் செய்யாததைப் பகுத்தறிவு சிறிதளவேனும் செய்தது!

ஆகவே, சொல்பவர் பெரியவர் என்பதற்காக எந்த அறவுரையையும் ஏற்க வேண்டாம். அவர் தவறுகிறார் என்பதற்காக நல்ல கருத்தைத் தள்ளவும் வேண்டாம். மேடையேறும் நம் தோழர்களும், எழுதுகோல் பிடித்த நாமும் இத்தராசுக்கு விலக்கல்லர். நிறுத்துப் பாருங்கள், குறையிருந்தால் சொல்லுங்கள். திருந்துவதில் நமக்கு வெட்கமில்லை.