ஊசி முனையில் ஒரு சொந்த ஊர்!
லம்பாடிப் பெண்களின் கைத்தையலும், சேலத்தில் இருந்து ஒரு நாள் பயணமும்

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போகிறவர்கள் கையோடு எதைக் கொண்டு போவார்கள்?

நிலத்தைக் கொண்டு போக முடியாது. கோவிலைக் கொண்டு போக முடியாது. ஆனால், கையில் படிந்த தொழிலைக் கொண்டு போகலாம். அதற்குச் சுமைகூலி கிடையாது!

சேலம் நகரில் வாழும் சௌராஷ்டிர மக்களைப் பாருங்கள். அவர்களுடைய முன்னோர் குஜராத் பக்கம் இருந்து வந்தவர்கள். எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. ஆனாலும் பட்டு நெசவை அவர்கள் விடவில்லை. வீட்டில் தங்கள் மொழியையும் விடவில்லை.

சேலத்துக்கு வடகிழக்கே இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் கொண்டு வந்தது தறி அல்ல, ஊசி. அவர்கள்தான் லம்பாடிகள்.

பொதி மாட்டுடன் வந்தவர்கள்

லம்பாடிகளைப் பஞ்சாரா என்றும், சுகாலி என்றும் சொல்வது உண்டு. இவர்களுடைய பூர்வீகம் ராஜஸ்தான் பக்கம் என்று கூறப்படுகிறது.

ரயில் இல்லாத காலத்தில், மாடுகளின் முதுகில் உப்பையும் தானியத்தையும் ஏற்றிக்கொண்டு நாடு நாடாகப் போனவர்கள் இவர்கள். போர் நடந்தால், படைக்குத் தானியம் கொண்டு வருவதும் இவர்கள்தான். மைசூர்ப் போர்களின்போது ஆங்கிலேயர் படையும் இவர்களுடைய மாடுகளை நம்பி இருந்தது.

19-ம் நூற்றாண்டில் ரயில் வந்தது. பொதி மாட்டுக்கு வேலை போயிற்று. போன இடங்களிலேயே லம்பாடிகள் தங்கினார்கள். அவர்களுடைய குடியிருப்புக்குத் "தாண்டா" என்று பெயர்.

சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கேயும் தாண்டாக்கள் உண்டு. இன்று அது தருமபுரி மாவட்டம். 1965 வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த பூமி.

பாவாடையில் ஒரு பரம்பரை

லம்பாடி மொழிக்குத் தனி எழுத்து கிடையாது. ஆகவே, பழைய கதைகள் பாட்டில் இருந்தன. பழைய கோலங்கள் துணியில் இருந்தன.

பாவாடை, ரவிக்கை, தலைத்துணி, பை எல்லாவற்றிலும் பெண்கள் தையல் போட்டார்கள். கட்டம், முக்கோணம், வளைவு என்று விதவிதமான கோலங்கள். நடுநடுவே கண்ணாடித் துண்டு, சோழி, காசு! தாய் தைப்பதைப் பார்த்து மகள் பழகினாள். புத்தகமும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை.

அதுவே ஆபத்தாகவும் முடிந்தது. பெண்கள் பழைய உடையை விட்டுச் சேலைக்கு மாறினார்கள். உடை போனதும் தையலும் போயிற்று. இளம்பெண்கள் கூலி வேலை தேடித் திருப்பூருக்கும் வேறு ஊர்களுக்கும் சென்றார்கள். கடைசியில், சிட்டிலிங்கியில் வயதான சில பெண்களுக்கு மட்டுமே அந்தத் தையல் தெரியும் என்ற நிலை வந்தது. அவர்களும் கண்ணை மூடிவிட்டால்? அவ்வளவுதான்!

டாக்டர் அம்மாள் கேட்ட கேள்வி

1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜும், அவருடைய மனைவி டாக்டர் லலிதாவும் சிட்டிலிங்கிக்கு வந்தார்கள். ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். நாளடைவில் அது மருத்துவமனையாக வளர்ந்தது.

நோய் தீர்ந்தால் மட்டும் போதுமா? வீட்டில் வருமானம் வேண்டாமா? இந்த எண்ணத்தில், பழைய தையல் யாருக்குத் தெரியும் என்று டாக்டர் லலிதா தேடினார். மூத்த பெண்கள் முன்வந்தார்கள். இளையவர்கள் அவர்களிடம் கற்றார்கள். 2006-ல் "போர்கை" என்ற அமைப்பு பிறந்தது. லம்பாடி மொழியில் "போர்கை" என்றால் பெருமை என்று பொருள்.

இன்று அங்கே சேலை, குர்தா, பை, தலையணை உறை எல்லாம் தயாராகின்றன. ஒரு காலத்தில் தங்களுக்காகத் தைத்தது, இன்று வீட்டுக்கு அரிசி வாங்கித் தருகிறது.

நீங்களும் தைக்கலாம்

பாட்டியின் சுருக்குப் பையில் ஒரு கண்ணாடி பதித்துப் பாருங்கள். பசை வேண்டாம்.

1. ஓரம் மழுங்கிய சிறு வட்டக் கண்ணாடியைத் துணிமேல் வையுங்கள். ஓரம் கூராக இருந்தால் நூலை அறுத்துவிடும்.

2. கண்ணாடியின் மேல் நெடுக்கே இரண்டு நூல், குறுக்கே இரண்டு நூல் போடுங்கள். குறுக்கு நூலை நெடுக்கு நூலில் ஒரு சுற்றுச் சுற்றி இழுக்க வேண்டும். சிறு சதுரம் போல அமையும். அதன் மேல் சாய்வாக இன்னொரு சதுரம் போட்டால் பிடி இறுகும்.

3. இனி, அந்த நூலையும் துணியையும் சேர்த்து, ஓரத்தைச் சுற்றிக் காஜாத் தையல் போடுங்கள். ஒவ்வொரு தையலும் நூலை வெளிப்பக்கம் இழுக்கும். நடுவே வட்டமாகக் கண்ணாடி தெரியும்.

4. சுற்றிலும் வேறு நிறத்தில் சங்கிலித் தையல் போட்டு முடியுங்கள்.

ஒரு நாள் பயணம்

நாமக்கல்லில் இருந்து சேலம் சுமார் 50 கிலோமீட்டர். அங்கே இருப்பவர்கள் விடியற்காலையில் புறப்படுவது நல்லது.

சேலத்தில் இருந்து அரூர் சாலையில் போனால், முதலில் அயோத்தியாப்பட்டணம் வரும். அங்கே கோதண்டராமர் கோவிலைத் தரிசிக்கலாம். தூண்களில் உள்ள சிற்பங்களைப் பெண்கள் நின்று பார்க்க வேண்டும். தைப்பதற்கு எத்தனையோ கோலங்கள் கிடைக்கும்! பிறகு மஞ்சவாடிக் கணவாயைத் தாண்டி அரூர். அங்கிருந்து 16 கிலோமீட்டரில் தீர்த்தமலை. மலைமேல் ராமர், குமாரர், கௌரி, அகத்தியர், அக்கினி என்று ஐந்து தீர்த்தங்கள் உண்டு. அதன் பிறகு கோட்டப்பட்டி வழியாகச் சிட்டிலிங்கி.

தாண்டாவுக்குப் போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அது வேடிக்கை பார்க்கும் இடம் அல்ல; குடும்பங்கள் வாழும் இடம். கேட்டுக்கொண்டு படம் எடுங்கள். ஒரு பூவைத் தைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று விசாரியுங்கள். அப்புறம் விலையைக் குறைக்க வாய் வராது!

பாட்டி இருக்கும்போதே...

இன்று நம் வீட்டுப் பிள்ளைகளும் சிங்கப்பூர், துபாய், லண்டன் என்று போகிறார்கள். பெட்டியில் ஊறுகாய் வைக்கிறோம்; பருப்புப் பொடி வைக்கிறோம். ஒரு மாதத்தில் அது தீர்ந்துவிடும்.

பாட்டிக்குத் தெரிந்த கோலம், அத்தைக்குத் தெரிந்த பின்னல், அம்மாவுக்குத் தெரிந்த தையல் - இவற்றில் ஒன்றையாவது பிள்ளைகள் கையில் பழக்கி அனுப்புங்கள். அது தீராது. சிட்டிலிங்கியில் கடைசி நேரத்தில் கேட்டார்கள், பிழைத்தது. நாம் அதற்கு முன்பே கேட்டுவிடலாமே!